ஜெயித்தது நாங்கள், படம் அவர்களுக்கா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில், ஆண் பெண் இருவரும் படிக்கும் பள்ளி, கால்பந்து அணியில் ஃபார்வர்டு ஆடுகிறாள். மாலை நாலே காலிலிருந்து ஆறரை வரை, வாரம் ஐந்து நாளும் மைதானம் பையன்களுக்கு. பெண்களுக்கு வாரத்தில் இரண்டு நாள், காலை ஏழரையிலிருந்து எட்டே கால் வரை. இந்த ஆண்டு குறுவட்டப் போட்டியில் இவர்கள் முதலிடம் பிடித்தார்கள். பையன்கள் அரையிறுதியில் தோற்றார்கள். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்தது பையன்களின் படம்தான். அதற்குக் கீழே, 'மகளிர் பிரிவிலும் இப்பள்ளி வெற்றி பெற்றது' என்று ஒரு வரி. "நாங்க ஜெயிச்சாலும் தோத்தவங்க போட்டோதான் வருமாம்மா?" என்று கேட்கிறாள். மாமியார், பந்து விளையாடினால் கர்ப்பப்பைக்கு ஆகாது என்கிறார். கணவர், அடுத்த வருஷம் பத்தாவது, இதோடு போதும் என்கிறார். நான் பள்ளியில் போய்ச் சண்டை போடுவதா, அவளை நிறுத்திவிடுவதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தாதீர்கள். சண்டையும் வேண்டாம். ஆனால் பள்ளிக்குப் போய்க் கேட்க வேண்டும். என்ன கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

நான் மகளிர் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்து, பெண் பிள்ளைகளின் பெற்றோர் பி.டி. சாரிடம் போனால் "எங்க பொண்ணுங்களையும் கொஞ்சம் என்கரேஜ் பண்ணுங்க சார்" என்பார்கள். அவரும் "கண்டிப்பா பண்ணலாம்மா" என்பார். அடுத்த வெள்ளிக்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் நாலு வார்த்தை பாராட்டிப் பேசுவார். மைதானம் பழையபடியே இருக்கும். நீங்கள் ஊக்கத்தைக் கேட்காதீர்கள். நேரத்தையும் ஆட்டங்களின் எண்ணிக்கையையும் கேளுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே கணக்கு இருக்கிறது. பையன்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டே கால் மணி நேரம், ஐந்து நாளில் பதினொன்றே கால் மணி. உங்கள் மகளுக்கு முக்கால் மணி, இரண்டு நாளில் ஒன்றரை மணி. ஏழரை மடங்கு வித்தியாசம். இதை ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியர் மேசையில் வையுங்கள். 'பாரபட்சம்', 'அநீதி' என்றெல்லாம் ஆரம்பித்தால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். எண்ணை வைத்தால் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

அவர் சொல்லப்போகும் பதிலும் எனக்குத் தெரியும். "பொண்ணுங்களை ஆறு மணிக்கு மேல எப்படிம்மா வெச்சிருக்கறது? பஸ் இருக்காது, ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" அவர் கவலையில் நியாயம் இருக்கிறது, அதனால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பெண்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் நாலே காலிலிருந்து ஐந்தே கால் வரை மைதானத்தை முதலில் அவர்களுக்குக் கொடுங்கள், பையன்கள் அதற்கப்புறம் ஆடட்டும். இருட்டுகிற நேரத்தில் மைதானத்தில் இருக்கக்கூடியவர்கள் அவர்கள்தானே. அதுவும் முடியாது என்றால் மைதானத்தைக் குறுக்கே பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு கோல் போஸ்ட் இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். கால்பந்துப் பயிற்சியில் பெரும்பகுதி பாதி மைதானத்திலேயே முடியும்: பாஸ், ஷூட்டிங், ஐந்துக்கு ஐந்து ஆட்டம் எல்லாம். முழு மைதானம் வாரம் ஒரு நாள் கிடைத்தால் போதும்.

கூடவே ஒன்று கேட்க மறந்துவிடாதீர்கள்: கழிப்பறைச் சாவி. பல பள்ளிகளில் மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் மாணவியர் கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள். உடை மாற்ற இடமில்லை, மாதவிடாய் நாளில் ஒதுங்க இடமில்லை என்பதாலேயே பயிற்சிக்கு வராமல் போன பெண்கள் எத்தனையோ பேர். 'ஆர்வம் குறைஞ்சு போச்சு' என்று வருகைப் பதிவேட்டில் கணக்கு எழுதிவிடுவார்கள். பி.டி. சாரிடம் இதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் ஒரு டீச்சர் மூலம் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் இன்னும் இரண்டு மூன்று அம்மாக்களோடு சேர்ந்து நீங்கள் எழுந்து பேசினால், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும். தனியாகப் போய்ப் பேசினால் தேநீரோடு முடிந்துவிடும்.

சரி, படத்துக்கு வருவோம். மகளைப் புண்படுத்தியது அதுதான்.

மாவட்டப் பக்கத்தில் பள்ளி விளையாட்டுச் செய்தி எப்படி வருகிறது தெரியுமா? நிருபர் மைதானத்துக்கு வருவது அபூர்வம். போட்டி நடத்தியவரோ, பள்ளியின் பி.டி. சாரோ வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதுதான் செய்தி. அவர் போனில் பையன்கள் அணி மாலையோடும் பேனரோடும் நின்ற படம் இருந்திருக்கும், அது போயிருக்கும். பெண்கள் ஆட்டம் வேறொரு மைதானத்தில், மதிய வெயிலில் முடிந்திருக்கும், யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள். இதில் நிருபருக்குப் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. ஜெயித்த அணியின் படம் எங்கே என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏனென்றால் கேட்காததற்காக அவரை யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு நீங்களோ வேறொரு பெற்றோரோ படம் எடுக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பையோடு வரிசையாக நிற்கும் படம் ஒன்று, ஆட்டத்தில் பந்தோடு ஓடும் படம் ஒன்று. ஆட்டம் முடிந்த கையோடு, பக்கம் முடிக்கும் நேரத்துக்கு முன்னால் போக வேண்டும். அதனால் வீட்டுக்குப் போய் அனுப்பலாம் என்று வைத்திருக்காதீர்கள். செய்தி இப்படி இருக்கட்டும்: எந்தப் போட்டி, எந்த வயதுப் பிரிவு, இறுதியாட்டத்தில் யாரை எத்தனைக்கு எத்தனை கோல் கணக்கில் வென்றார்கள், கோல் போட்டவர் பெயர், எந்த நிமிடம், பயிற்சியாளர் பெயர், படத்தில் இடமிருந்து வலமாக எல்லோர் பெயரும். இவ்வளவு முழுசாக வந்தால் நிருபருக்குத் தட்டச்சு வேலைகூட மிச்சம். அப்படியே போட்டுவிடுவார். வராவிட்டால் மறுநாள் மரியாதையாக, "சார், நேற்று அனுப்பினோம், ஏதாவது குறையா?" என்று கேளுங்கள். மூன்றாவது முறை அவரே உங்களைக் கூப்பிடுவார்.

செய்தியில் குடும்பக் கஷ்டத்தை எழுதாதீர்கள். நம் ஊடகங்களுக்குப் பெண் வீராங்கனை என்றால் இரண்டு அச்சுகள்தான். ஒன்று 'இன்னாரின் மகள்', இன்னொன்று 'இன்னாரின் அக்கா'. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வட சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். ஊரெல்லாம் படித்தது ஆட்டோ ஓட்டுநரின் மகள் கதை. அவர் யாரை, எப்படி வென்றார், எந்த போர்டில் ஆட்டம் திரும்பியது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சதுரங்க வீராங்கனை வைஷாலி 2023-ல் ஒரு முறை, 2025-ல் ஒரு முறை என்று மகளிர் கிராண்ட் ஸ்விஸ் பட்டத்தை இரண்டு தடவை வென்றவர், கிராண்ட்மாஸ்டர். இன்னமும் 'பிரக்ஞானந்தாவின் அக்கா' என்றுதான் பல இடங்களில் அறிமுகம். தம்பி சதுரங்கத்துக்கு வந்ததே அக்கா ஆடுவதைப் பார்த்துத்தான். ஆகவே உங்கள் மகளைப் பற்றி எழுதும்போது கோல் எத்தனை, எந்த நிமிடம் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பையன்கள் செய்தியில் அதுதானே இருக்கிறது.

பெரிய மட்டத்திலும் இதே கதைதான். 2024 ஜூன் 28-ம் தேதி சேப்பாக்கத்தில் இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்காவோடு டெஸ்ட் ஆட ஆரம்பித்தது. முதல் நாளே ஷஃபாலி வர்மா 205. மறுநாள் 6 விக்கெட்டுக்கு 603 என்று டிக்ளேர் செய்தார்கள். மகளிர் டெஸ்டில் அதுவரை எந்த அணியும் எடுக்காத ரன். அந்த 29-ம் தேதி ராத்திரிதான் பார்படாஸில் ஆண்கள் அணி டி20 உலகக் கோப்பையை ஜெயித்தது. அப்புறம் சேப்பாக்கத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? நம் ஊர் மைதானத்தில் நடந்த உலக சாதனை, நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாமலே போனது.

"பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆள் வராது, அதான் போடுறதில்ல" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தில், லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில், டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணி ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் வேறு ஆயிரக்கணக்கில். சரியாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1921 டிசம்பரில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், தன் கீழ் உள்ள எந்த கிளப்பும் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று தடை போட்டது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்தத் தடை நீடித்தது. மைதானத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், கூட்டம் போயிற்று, செய்தியும் போயிற்று. அதற்கப்புறம் வந்தவர்கள் 'கூட்டமே இல்லையே' என்றார்கள்.

மாறாக, மைதானம் கொடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 1972-ல் டைட்டில் நைன் என்ற சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் எதிலும் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது, விளையாட்டுக்கும் அது பொருந்தும். அதற்கு முன் அங்கே உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்துக்கும் மேல். ஆனால் அங்கேயும் தொலைக்காட்சி மாறவில்லை. 1989 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை அளந்துவரும் ஆய்வாளர்கள் 2019-ல் பார்த்தபோது, விளையாட்டுச் செய்தி நேரத்தில் பெண்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 5 சதவீதம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பத்திரிகை கண் திறக்கட்டும், அப்புறம் பள்ளி திருந்தும் என்று காத்திருந்தால் உங்கள் மகள் பள்ளியை முடித்துவிடுவாள். மைதான நேரம் முதலில். படம் பின்னால் வரும், சில சமயம் ரொம்பப் பின்னால்.

பணத்திலும் இந்த எண்ணிக்கைக் கணக்கைப் பாருங்கள். 2022 அக்டோபரில் கிரிக்கெட் வாரியம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆட்டச் சம்பளம் என்று அறிவித்தது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். நல்ல அறிவிப்புதான், நானும் கை தட்டினேன். ஆனால் 2014 நவம்பருக்கும் 2021 ஜூனுக்கும் நடுவில் இந்தியப் பெண்கள் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஆடினால்தானே சம்பளம். கபடியில் இன்னும் மோசம். 2012-ல் பாட்னாவில் முதல் மகளிர் உலகக் கோப்பை, நம் பெண்கள் ஜெயித்தார்கள். இரண்டாவது உலகக் கோப்பை நடந்தது 2025 நவம்பரில், டாக்காவில். அதையும் நம்மவர்களே ஜெயித்தார்கள். நடுவில் பதிமூன்று வருஷம். அந்த இடைவெளியில் ஆண்களுக்கு புரோ கபடி லீக் வந்து, ஒரே வீரருக்கு இரண்டு கோடிக்கு மேல் ஏலம் போனது. ஒரு பெண்ணின் கபடி வயது முழுக்க அந்தப் பதிமூன்று வருஷத்துக்குள் முடிந்துவிடும்.

உங்கள் மகளிடம் சொல்ல ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மாநில அணிகளுக்கான தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையைத் தமிழ்நாட்டு ஆண்கள் அணி இதுவரை ஒரு முறைகூட வென்றதில்லை. 2012-ல் இறுதியாட்டம் வரை போய்த் தோற்றார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ல் மணிப்பூரையும், 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவையும் வென்று இரண்டு முறை தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆண்கள் அணி, அடுத்த ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இழந்தது. பி.டி. சார் "கால்பந்துன்னா பசங்கதான்" என்று சொன்னால் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வரலாம்.

இனி மாமியார். அவரோடு வாதாட வேண்டாம், ஆனால் நீங்கள் பயப்படவும் வேண்டாம். ஓடுவதாலோ பந்து உதைப்பதாலோ கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது. இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும் உறுப்பு அது. இந்தப் பயம் நம் ஊர்ப் பாட்டிகளுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். இறுதிச்சுற்றில் ஒன்பது பேர் ஓடினார்கள், ஒன்பது பேரும் முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு ஜெயித்தார். ஓடி முடித்த களைப்பில் ஓரிருவர் புல்லில் சாய்ந்தார்கள், எந்த ஓட்டக்காரரும் செய்வதுதான். ஆனால் சில பத்திரிகைகள், பாதிப் பேர் மயங்கி விழுந்துவிட்டதாக எழுதின. பெண் உடம்புக்கு இது தாங்காது என்று தலையங்கம் தீட்டின. 1960 ரோம் ஒலிம்பிக் வரை 200 மீட்டருக்கு மேல் பெண்களுக்கு ஓட்டமே இல்லை. ஊடகம் பெண்களைக் கண்டுகொள்ளாதது ஒரு பக்கம், கண்டுகொண்ட அன்று செய்த வேலை இது.

உண்மையில் நீங்கள் கவனிக்க வேண்டியது அவளுடைய முழங்காலையும் ரத்தத்தையும். கால்பந்து ஆடும் பெண்களுக்கு முழங்கால் லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) கிழியும் வாய்ப்பு பையன்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். இதுபோன்ற காயங்களைத் தடுக்க ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு வார்ம்-அப் முறை இருக்கிறது. இருபது நிமிடம், பெரிய கருவி எதுவும் வேண்டாம். வீடியோவே கிடைக்கும், பி.டி. சாரிடம் காட்டுங்கள். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்காமல் இறங்கப் பழக்குவதுதான் அதில் முக்கியம். முக்கால் மணி நேரம் மட்டும் மைதானம் கொடுத்தால் இந்த வார்ம்-அப்பைத்தான் முதலில் வெட்டுவார்கள். நேரத்துக்காக நீங்கள் நிற்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம். அண்ணன் போட்டுக் கழித்த பூட்ஸைக் கொடுக்காதீர்கள், கால் சறுக்கும். விளையாட்டுக்கென்று இருக்கும் உள்ளாடை இரண்டு வாங்கிக்கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் பேசுங்கள், பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, ஜன்னல் வழியே போடுகிறாளா என்றும் பாருங்கள். இரண்டாம் பாதியில் கால் ஓயும் பிள்ளைகளில் பலருக்குப் பிரச்சினை அங்கேதான் இருக்கும். பயிற்சி கூடிய பிறகு மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனால், சாப்பாடு போதவில்லை என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். அப்போதும் டாக்டர்தான்.

உங்கள் கணவரின் கேள்வியை நான் லேசாக எடுக்க மாட்டேன். நம் நாட்டில் பெண்கள் கால்பந்து ஆடியே பிழைப்பது இன்னும் வெகு சிலருக்குத்தான் முடியும். அவரிடம் பதக்கக் கனவைச் சொல்லாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் நடுக்களம் ஆடிக்கொண்டே காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவர். கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. இதற்கெல்லாம் பள்ளிக் காலத்திலேயே மாவட்டம், மாநிலம் என்று ஆடியிருக்க வேண்டும். பத்தாவதில் நிறுத்திவிட்டுப் பதினொன்றில் திரும்ப ஆரம்பிக்கலாம் என்பார்கள். அப்படித் திரும்பி வந்த பெண்கள் மிகக் குறைவு.

எனவே அவரிடம் ஓர் ஏற்பாடு பேசுங்கள். பத்தாவதில் வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் பயிற்சி. பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் வீட்டில் ஓட்டமும் அந்த வார்ம்-அப்பும் மட்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ம் வகுப்புகளில்தான் சேர்ப்பார்கள். பத்தாவதை வீட்டில் இருந்து முடித்துவிட்டு, பதினொன்றுக்கு அந்தத் தேர்வுக்கு அனுப்பலாம். கோடை விடுமுறையை ஒட்டி அறிவிப்பு வரும், மாணவியர் கால்பந்துக்கு எந்த ஊர் விடுதி என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தங்கும் இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. அதற்குள் முதலமைச்சர் கோப்பைப் போட்டிக்கும் பெயர் கொடுங்கள். அதில் பரிசுத் தொகை ஆண், பெண் இருவருக்கும் ஒன்றுதான்.

தலைமையாசிரியரைப் பார்க்கப் போகும் அன்று மகளையும் கூட்டிப்போங்கள், ஆனால் பேசுவது நீங்களாக இருங்கள். நாளைக்கு அந்த மைதானத்தில் நிற்கப் போவது அவள், பி.டி. சாரோடு முகம் கோணாமல் இருக்க வேண்டியவளும் அவள்தான்.

குறுவட்டப் போட்டிச் சான்றிதழ் வந்துவிட்டதா? வந்திருந்தால் பெயர், பிறந்த தேதி, வயதுப் பிரிவு மூன்றும் பள்ளிப் பதிவேட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று சரிபாருங்கள், தவறு இருந்தால் இந்த ஆண்டே திருத்தி வாங்குங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், பின்னால் அதன் மேல் முத்திரையோ கையெழுத்தோ வாங்க வேண்டி வரும்.